சூடு இடம் மாறிய கதை



"சார், 92 பேட்ச் குரூப் போட்டோ அனுப்புங்க" என்று கேட்டவர்களுக்குப் பத்து நாளாகப் பதில் போடவில்லை. மறதி இல்லை, பயம். அந்தப் போட்டோக்கள் என்னிடம் இருக்கின்றனவா என்றே தெரியாமல் இருந்தது.

என் முப்பத்து மூன்று வருடப் பள்ளிக்கூடப் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அசல்கள் ஒரு மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டன. ஆக, இருப்பது கம்ப்யூட்டரில் மட்டும்தான். இந்தக் கோடையில் புது கம்ப்யூட்டர் வாங்கி, பழைய எஸ்.எஸ்.டி.யையும் அதற்குள் மாட்டி, படங்களைப் புதியதற்கு மாற்றினேன். காப்பி செய்திருக்க வேண்டும். நான் கட் செய்தேன். அதே நேரம் பேரன் அதில் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தான். பாதியில் வேகம் தள்ளாடியது, பிறகு புது டிரைவே திரையிலிருந்து மறைந்துபோனது. வேலூர், கத்திரி வெயில், அறைக்குள் 38 டிகிரி. மறுபடி ஆன் செய்யப் பயந்து மூன்று நாள் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன்.

நான் வரலாற்று வாத்தியார். கோளாறு வந்தால் அதன் பூர்வீகம் விசாரிக்காமல் தூக்கம் வராது. அந்த மூன்று நாளில் படித்ததைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குச் சூடு பிறவிக் குணம். 1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மக்கள் பார்வைக்கு வந்த எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். அது இழுத்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோவாட். அதைக் குளிர்விக்கப் பெரிய விசிறிகளைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. பின்னால் டிரான்சிஸ்டர் வந்தது, சிப் வந்தது. சூடு அறையை விட்டு பிராசசருக்குள் ஒடுங்கியது. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் சர்க்யூட் போர்டுகளையே மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முக்கி வைத்தார்கள்.

தகவலைச் சேமித்து வைக்கும் பகுதிக்கு வேறு கவலைகள். 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தின் டிஸ்க் அலமாரியில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனைக்கும் அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று நீங்கள் போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது சரியாகப் போய்விடும். சுழலும் டிஸ்க்குக்கு அதிர்ச்சியும் தேய்மானமும்தான் பெரிய எதிரிகள். சூடும் எதிரி என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளின் கணக்கைப் பார்த்து, மிக அதிகச் சூட்டைத் தவிர்த்தால் சூட்டுக்கும் பழுதுக்கும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்று எழுதினார்கள்.

சுழலாத சேமிப்புக்கு வழி போட்டவர் ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா. 1984இல் ஃபிளாஷ் மெமரியை உலகத்துக்குச் சொன்னார். கேமரா ஃபிளாஷ் போல ஒரே வெட்டில் அழிக்கிறதே என்று உடன் வேலை செய்தவர் ஒருவர் வைத்த பெயர் அது. 1987இல் நான்ட் வகையை வெளியிட்டார். இன்றைய எஸ்.எஸ்.டி.க்கள் எல்லாம் அதன் வழி வந்தவை. அவருக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை. கம்பெனி மீது வழக்குப் போட்டு, 2006இல் சமாதானமாக 8.7 கோடி யென் பெற்றார். அந்தக் கண்டுபிடிப்பு சம்பாதித்ததைப் பார்த்தால் அது டீச் செலவு.

முதலில் பரவலாக விற்ற எஸ்.எஸ்.டி.க்கள் சாட்டா கேபிளில் ஓடின. நொடிக்கு 550 எம்பி அளவில் அந்தக் கேபிளே கதவைச் சாத்திவிடும். கையகலப் பெட்டி வேறு, சூடு பரவ இடம் இருந்தது. "சத்தமில்லை, சூடில்லை" என்று சொல்லி விற்றார்கள், உண்மையும் அதுதான். நம் மனதில் அந்த வாசகம் அப்படியே தங்கிவிட்டது.

2011இல் என்.வி.எம்.இ. என்ற புது ஏற்பாட்டின் முதல் விதிமுறை வந்தது. கேபிளை விட்டுவிட்டு, கிராபிக்ஸ் கார்டு போகும் அதே ராஜபாட்டையில் தகவல் போகலாம் என்றானது. எம்.2 என்ற குச்சி வடிவமும் வந்தது. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், சூயிங்கம் பட்டை மாதிரி. நொடிக்கு 3,500 எம்பி, பிறகு 7,000, 2023இல் 10,000. இந்த ஓட்டத்தை மேய்ப்பது அதிலுள்ள கன்ட்ரோலர் என்ற சிறிய சிப். அதுதான் கொதிக்கிறது. மும்முரமாக எழுதும்போது ஐந்தாறு வாட் முதல் பத்து வாட் வரை அந்தப் பட்டையிலேயே வெளியேற வேண்டும். 2023இல் வந்த சில டிரைவ்கள் ஹீட் சிங்க் இல்லாமல் சோதித்தபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரியாமல் நின்றேபோயின. பிறகு மென்பொருளைத் திருத்தினார்கள். எண்பது வருடமாகக் கம்ப்யூட்டருக்குள் அலைந்த சூடு, கடைசியில் நாம் பத்திரம் என்று நினைத்த அலமாரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது!

நாலாம் நாள் பழைய மாணவன் ஒருவன் வந்தான். இப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறான், பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டான். ஆன் செய்ததும் டிரைவ் திரும்பி வந்தது. சும்மா இருக்கும்போதே 63 டிகிரி. ஒரு பெரிய ஃபைலை எழுத வைத்தான், 84. பொதுவாக இவற்றுக்குக் கம்பெனி சொல்லும் எல்லை 70. திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சார், தெர்மல் பேட்ல பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை சார்."

டிரைவுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே ஒரு மெத்தென்ற பட்டை இருக்கிறது. சூட்டைக் கைமாற்றிவிடுவது அதன் வேலை. அதன் மேல் இருந்த பாதுகாப்புத் தாளோடு அப்படியே மூடியிருக்கிறார்கள். (எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.) போதாததற்கு டிரைவ் இருந்த இடம் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. பேரனின் ரேஸ் கார் விட்ட புகையெல்லாம் என் போட்டோக்கள் மேல்!

தாளை உரித்தான். டிரைவைக் கார்டை விட்டுத் தள்ளியிருந்த இன்னொரு ஸ்லாட்டுக்கு மாற்றினான். கேபினட் முன்பக்கம் ஒரு விசிறி மாட்டினான். சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்தான். அதே ஃபைல், அதே மதியம், 61 டிகிரி. விசிறி மட்டும்தான் செலவு. கூலி வாங்க மாட்டேன் என்றான். மோர் மட்டும் குடித்தான்.

உங்கள் வீட்டிலும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், சூட்டை எண்ணிலேயே காட்டும். வேலை நடக்கும்போது 50, 60 வந்தால் பதற வேண்டாம். 80ஐத் தொட்டால் பெட்டியைத் திறக்க வேண்டும். இன்னொன்று. எஸ்.எஸ்.டி.யில் படங்களைப் போட்டு, கழற்றிப் பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். எழுதும் ஆயுள் தீர்ந்த ஒரு டிரைவ், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்ற தர அமைப்பு வீட்டு உபயோக டிரைவுக்கு வைத்திருக்கும் அளவுகோல். சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். புது டிரைவ் இன்னும் நன்றாகவே தாங்கும், ஆனால் வேலூர் பீரோ 30 டிகிரியில் இருந்ததை நான் பார்த்ததில்லை. பழையபடி சுழலும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை மகள் வீட்டில் வைத்துவிட்டேன்.

எண்ணிப் பார்த்ததில் பதினோரு படங்கள் மட்டும் திறக்கவில்லை. எல்லாம் 2004 விளையாட்டு விழாப் படங்கள். பிரிண்ட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அனுப்புங்கள். 92 பேட்ச் பத்திரம், கமெண்டில் போட்டிருக்கிறேன். கடைசி வரிசையில் இடமிருந்து மூன்றாவதாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் யார் என்று யாராவது சொல்லுங்கள்.