பட்டிசிரான்

பரம்பரை டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு நோயால் வரும் நரம்புச் சிதைவுக்கான மருந்து. ஆர்.என்.ஏ. குறுக்கீடு முறையில் செயல்படும் மருந்துகளில் முதன்முதலாக அனுமதி பெற்றது இதுவே. மரபணுப் பிழையால் வரும் நரம்பு நோயை நானோ துகளைக் கொண்டு கட்டுப்படுத்தலாம் என்பதை இது நிறுவியது.

1939இல் போர்த்துக்கலின் போர்ட்டோ நகர மருத்துவர் கொரினோ ஆந்த்ராதேயிடம் 37 வயதுப் பெண் ஒருவர் இந்த நோயுடன் வந்தார். அவர் ஊர் பொவுவா தெ வர்சிம். கடலோர மீனவர் ஊர். அங்குள்ளவர்கள் இந்த நோயைப் ‘பாத நோய்’ என்றே சொல்லிவந்தனர். முதலில் பாதத்தில் சூடும் வலியும் உறைக்காமல் போகும். மரமரப்பு மெல்ல மேலேறும், நடை தளரும், வயிறு கெடும், உடல் இளைத்துக்கொண்டே போகும். சிகிச்சை இல்லாத அக்காலத்தில், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் நடுவயதினர் மடிந்தனர். ஆந்த்ராதே 1952இல் ‘பிரெய்ன்’ இதழில் இதைத் தனி நோயாக விவரித்தார். ஸ்வீடனிலும் ஜப்பானிலும் இத்தகைய குடும்பங்கள் பின்னர் தெரியவந்தன.

டிரான்ஸ்தைரெட்டின் புரதத்தின் 30ஆம் இடத்தில் வாலின் இருக்க வேண்டும். இக்குடும்பங்களில் அங்கே மெத்தியோனின் இருக்கிறது. நிலைகுலைந்த புரதம் நரம்புகளில் படிந்து அவற்றை அழிக்கிறது. அதைப் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கல்லீரல். அதனால்தான் 1990இல் ஸ்வீடனில் கல்லீரல் மாற்று அறுவையை இதற்கான சிகிச்சையாகத் தொடங்கினர்.

மரபணுவின் செய்தியை ஆர்.என்.ஏ.வைக் கொண்டே அழிக்கலாம் என 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் காட்டினர்; ஆர்.என்.ஏ. குறுக்கீடு எனப்படும் இதற்காக 2006இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இரத்தத்தில் விட்ட ஆர்.என்.ஏ. இழை விரைவில் சிதைந்துவிடும், செல்லுக்குள்ளும் எளிதில் நுழையாது. வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் குழுவினரும் அல்நைலம் நிறுவனத்தாரும் பல ஆண்டுகள் உழைத்து இதற்கு வழி கண்டனர். நால்வகைக் கொழுப்புகளாலான, 100 நானோமீட்டருக்கும் குறைந்த துகள் அது. இரத்தத்தில் அதற்கு மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை. அபோ-இ புரதம் மேலே ஒட்டிக்கொள்ள, கல்லீரல் செல் அதை உணவுக் கொழுப்பு என்றெண்ணி உள்ளிழுக்கிறது. உள்ளே அமிலம் பட்டதும் துகள் நேர்மின்னூட்டம் பெற்று, தன்னைச் சூழ்ந்த சவ்வைக் கிழித்து ஆர்.என்.ஏ.வை வெளிவிடுகிறது; அது டிரான்ஸ்தைரெட்டின் மரபணுவின் செய்தியை அழிக்கிறது. இந்த நுட்பமே மருந்தின் உயிர்.

225 பேர் பங்கேற்ற 18 மாத ஆய்வில், போலிமருந்து பெற்றவர்களின் நரம்புச் சேத மதிப்பெண் சராசரியாக 28 கூடியது. பட்டிசிரான் பெற்றவர்களுக்கு 6 குறைந்தது. 2018 ஆகஸ்ட் 10இல் அமெரிக்கா அனுமதித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்ற வேண்டும். வைட்டமின் ஏ குறைவதால் அதையும் மாத்திரையாகத் தர வேண்டும். 2018இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 4,50,000 டாலராக இருந்தது. ஏழைக் குடும்பம் ஒன்று இதை எண்ணிப் பார்க்கவும் முடியாது என்பது இந்தச் சாதனையின் மீதுள்ள பெருங்குறை.

இவ்வகைத் துகள்களே பின்னர் கொரோனா தடுப்பூசிகள் சிலவற்றுக்கும் உதவின. அதே நோய்க்கு 2022இல் வந்த வுட்ரிசிரானுக்குத் துகளே தேவைப்படவில்லை. சர்க்கரை மூலக்கூறு ஒன்று அதைக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்க்கிறது.

பட்டிசிரானின் வெற்றிக்கு நோயின் ஊற்று கல்லீரலில் இருந்ததே அடிப்படை. ஊற்று மூளையில் இருக்கும் நோய்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எடுத்துக்காட்டாக, பக்கவாதத்துடன் வரும் பரம்பரை ஒற்றைத் தலைவலிக்குக் காரணமான கால்சியம் வாயில் மரபணு ஒன்று 1996லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது வேலை செய்வது மூளைக்குள். இரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து அதைத் திருத்தும் நானோ மருந்து எதுவும் இன்னும் நோயாளிகளுக்குக் கிடைக்கவில்லை.