இடுகாடும் சுடுகாடும்

செத்தவர்களுக்குத் தமிழில் இரண்டு இடங்கள் உண்டு. புதைத்தால் இடுகாடு, எரித்தால் சுடுகாடு. பேச்சு வழக்கில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோமே தவிர, வித்தியாசம் சாமானியமானதல்ல. இடுகாட்டில் கிடப்பதை அவசியம் நேர்ந்தால் தோண்டி எடுக்கலாம். சுடுகாட்டுக்குப் போனது போனதுதான்.

இதை நான் சொல்ல வந்தது ஒரு சீட்டாட்டத்தின் சரித்திரத்துக்காக. "சீட்டாட்டத்துக்கும் சுடுகாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆடித் தொலைத்தவன் கடைசியில் போய்ச் சேருகிற இடம் என்பதைத் தவிர?" என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. என் தமக்கை மகன் நடுக்கூடத்தில் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு, "மாமா, செத்த சீட்டை வைத்துக் காப்பாற்றுவதா, செலவழிப்பதா?" என்று கேட்ட நாள் முதல் அந்தச் சம்பந்தம் என்னை விடவில்லை.

ஆட்டத்தின் பெயர் மேஜிக்: தி கேதரிங். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்தது. 1993-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. நம் ரம்மியைப் போல் எல்லோருக்கும் பொதுவான கட்டு இதில் இல்லை. அவரவர் கட்டை அவரவரே ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். குறைந்தது 60 சீட்டு. சாதாரண நிலச் சீட்டுகள் நீங்கலாக ஒரே சீட்டு 4-க்கு மேல் கூடாது. ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். பயன்படுத்தி முடிந்த மந்திரமும், சண்டையில் மடிந்த பிராணியும் போய் விழுகிற குவியலுக்குக் கல்லறை என்று பெயர். ரம்மியில் கீழே இறக்கிய சீட்டைப் பற்றி, அடுத்த ஆள் எடுத்துவிடுவாரோ என்பதற்கு மேல் யாரும் கவலைப்படுவதில்லை. இங்கேயோ முதல் வெளியீட்டிலேயே 'அனிமேட் டெட்' என்று ஒரு சீட்டு இருந்தது. கல்லறையில் கிடக்கும் பிராணியை அது எழுப்பி நிறுத்தும். ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்த ஆட்டத்தில் கல்லறையின் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை.

முதல் எட்டு வருஷங்களில் கல்லறையின் முக்கியமான உபயோகம் இதுதான். முறையாக இறக்குவதானால் பெரும் விலை கொடுக்க வேண்டிய ராட்சதப் பிராணியைக் கையிலிருந்து கல்லறையில் போட்டுவிட்டு, சொற்ப விலைக்கு எழுப்புவது. 1997-ல் வந்த 'ரீஅனிமேட்', 1998-ல் வந்த 'எக்ஸ்யூம்' எல்லாம் இந்த ஜாதி.

2001-ம் வருஷம் அக்டோபர் மாதம் 'ஒடிஸி' என்ற தொகுதி வெளிவந்தது. அதன் வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் மார்க் ரோஸ்வாட்டர். அதில் இரண்டு புது விதிகள். ஒன்று 'த்ரெஷோல்டு': உன் கல்லறையில் 7 சீட்டுகளோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால், களத்தில் இருக்கும் உன் சில சீட்டுகளுக்குப் பலம் கூடும். மற்றது 'ஃப்ளாஷ்பேக்': கல்லறையில் கிடக்கும் மந்திரத்தை விலை கொடுத்து மறுபடி ஒரு முறை பிரயோகிக்கலாம், ஆனால் அதன்பின் அது கல்லறைக்குத் திரும்பாது, ஆட்டத்தை விட்டே அகன்றுவிடும். அதாவது, முதல் விதிக்கு இடுகாடு வேண்டும். இரண்டாவது விதி இடுகாட்டிலிருந்து எடுத்துச் சுடுகாட்டில் போடுகிறது.

பாட்டனார் வைத்துப் போன நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன், "நிலம் இருக்கிறது என்கிற கௌரவமே போதும், ஒரு குழியும் விற்கக் கூடாது" என்கிறான். இளையவன், "விற்றால்தானே காசு" என்கிறான். இருவர் சொல்வதும் நியாயந்தான். ஒரே வீட்டில் இருவர் நியாயமும் நடக்குமா என்பதுதான் கேள்வி. 'நிம்பிள் மங்கூஸ்' என்று ஒரு கீரிப்பிள்ளை அந்தத் தொகுதியில் உண்டு. அதன் பலம் 1. கல்லறையில் ஏழு சேர்ந்தால் 3. கல்லறையில் 8 சீட்டு இருக்கையில் ஃப்ளாஷ்பேக் மந்திரங்கள் இரண்டை எடுத்துப் பிரயோகித்தால் மிச்சம் 6. சிங்கமாக நின்ற கீரி மறுபடி கீரியாகிவிடும்!

இந்த வழக்குக்கு விசித்திரமான தீர்ப்புச் சொன்ன சீட்டும் அதே தொகுதியிலேயே இருந்தது. 'சைகடாக்' என்ற, பல்லை இளிக்கிற ஒரு ஜந்து. அதன் இயல்பான பலம் 1. கையிலிருந்து ஒரு சீட்டைக் கழித்தால் அந்த முறைக்கு மட்டும் 1 கூடும். கல்லறையிலிருந்து இரண்டு சீட்டை அகற்றினால் மேலும் 1 கூடும். கையில் 7, கல்லறையில் 17 இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையைக் கழித்தால் 7. அந்த ஏழும் கல்லறையில் சேர, அங்கே 24. இரண்டிரண்டாக எரித்தால் 12. இயல்பான ஒன்றையும் கூட்டினால் 20. எதிராளியின் உயிர் முழுவதும் ஒரே அடியில்! கடைசி நாள் வரை மூத்தவன் மாதிரி சேமிப்பது. கடைசி நாளில் இளையவனைவிட மோசமாக ஊதாரியாவது. 2002-ல் சிட்னியில் நடந்த உலகப் பந்தயத்தில் பிரேஜில் தேசத்துக் கார்லோஸ் ரொமாவோ வெற்றி பெற்றது சைகடாக் கட்டைக் கொண்டுதான்.

அக்காலத்துச் சைகடாக் கட்டுகளில் 'டீப் அனாலிஸிஸ்' போன்ற ஃப்ளாஷ்பேக் மந்திரங்களும் இடம் பெற்றன. கல்லறையில் கிடக்கும்போது அதன் மதிப்பு அரைப் புள்ளி. எடுத்துப் பிரயோகித்தால் அந்த அரைப் புள்ளி போகும். பதிலுக்கு இரண்டு புதுச் சீட்டுகள் கைக்கு வரும். கைச் சீட்டு ஒவ்வொன்றும், கழித்தால் 1, பிறகு எரித்தால் அரை, ஆக ஒன்றரை. அரையைக் கொடுத்து மூன்றை வாங்குவது நல்ல வியாபாரம். ஆகவே இரண்டு பசிகள் ஒரே வீட்டில் வாழலாம், கணக்குத் தெரிந்த எஜமான் இருந்தால்.

2005-ல் 'ரவ்னிகா' தொகுதியில் 'ட்ரெட்ஜ்' வந்தது. தூர் வாருதல் என்று அதற்குப் பொருள். புதுச் சீட்டு எடுப்பதற்குப் பதில், கட்டின் மேலிருந்து சில சீட்டுகளை அப்படியே கல்லறையில் கொட்டிவிட்டு, தூர் வாரும் சீட்டைக் கைக்குத் திருப்பிக்கொள்ளலாம். 'கோல்காரி கிரேவ்-ட்ரோல்' ஒரே தடவையில் 6 கொட்டும். இதை வைத்துக் கட்டியவர்கள் கல்லறையை வீடாகவே ஆக்கிக்கொண்டார்கள். வேறு வாழ்வில்லை, வேறு வரும்படியில்லை. ஆபத்தும் அங்கேதான். 1994-லேயே 'டார்மாட்ஸ் கிரிப்ட்' என்று ஒரு சீட்டு வந்திருந்தது; விலையே கிடையாது; எதிராளியின் கல்லறை முழுவதையும் ஒரே மூச்சில் துடைத்துவிடும். கல்லறையை மட்டும் நம்பியவன் அன்றே தெருவில் நிற்பான்.

2014-ம் வருஷக் கடைசியில் பழைய வழக்கு மறுபடி முற்றியது. 'டெல்வ்' என்ற விதி: கல்லறையிலிருந்து எத்தனை சீட்டை அகற்றுகிறாயோ, மந்திரத்தின் விலையில் அத்தனை குறையும். 'ட்ரெஷர் க்ரூஸ்' மூன்று சீட்டு எடுத்துத் தரும், விலை 8. ஏழு சீட்டை எரித்தால் விலை 1! கொள்ளை லாபந்தான். ஆனால் இப்படி நாலு தடவை ஆட 28 சீட்டு எரிய வேண்டும்; அவ்வளவு பெரிய இடுகாடு எல்லா ஆட்டத்திலும் கிடைக்காது. அதே கட்டில் 2007-ல் வந்த 'டார்மொகாய்ஃப்' இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். கல்லறைகளில் எத்தனை வகைச் சீட்டு இருக்கிறதோ அத்தனை அதன் பலம். கெட்டிக்காரர்கள் என்ன செய்யலாம் தெரியுமா? எரிக்கும் சீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுகிறவருக்கே உண்டு. வகைக்கு ஒன்றை நிறுத்திக்கொண்டு, இரட்டித்தவற்றை மட்டும் எரித்தால் இரண்டும் பிழைக்கும். வீட்டில் தாத்தா படம் ஒன்று இருந்தால் போதும். ஆறு படம் எதற்கு?

ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு லாபம் அளவு மீறியதாகத் தோன்றியது. 2015 ஜனவரியில் ட்ரெஷர் க்ரூஸ் பெரிய பந்தய வகைகளில் தடை செய்யப்பட்டது. அதே மாதம் மாடர்ன் பந்தய வகையில் கிரேவ்-ட்ரோலுக்கு இருந்த தடை நீங்கியது. 2017 ஜனவரியில் மறுபடி தடை விழுந்தது. செத்துப் பிழைத்துச் செத்த சீட்டு!

என் மருமகனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "கட்டைப் பிரித்து மூன்று வரிசையாக வை. கல்லறையை நிரப்புகிறவை, எண்ணுகிறவை, தின்கிறவை. நிரப்புகிறவை நிறைய இருக்கட்டும். எண்ணுகிறவை தமக்குள் சண்டை போடுவதில்லை. தின்கிறவையோ கொஞ்சமாக இருக்க வேண்டும். இரண்டாவது தின்னி வரும்போது முதலாவது மிச்சம் வைத்ததுதான் அதற்குச் சாப்பாடு. கடைசியாக, கல்லறையே இல்லாமல் போனாலும் ஜெயிக்க ஒரு வழி வைத்துக்கொள்."

அவன் ட்ரெஷர் க்ரூஸ் இரண்டை எடுத்துத் தனியே வைத்தான், கீரிப்பிள்ளைகளை வைத்துக்கொண்டான். கதை எழுதுகிற எனக்கும் அந்த வரிசைகள் உபயோகமாகத்தான் இருக்கின்றன. நாவலில் செத்துப்போன பாத்திரத்தை அடிக்கடி நினைவில் எழுப்பினால் அது மலிந்துவிடுகிறது. எழுப்பாமலே, ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால், இருக்கிறவர்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கனம் கூடிவிடுகிறது.