பத்துக் கார்பன், இரண்டு குணம்

டெக்கேன், பியூட்டைல் பென்சீன் இரண்டுமே நிறமற்ற எண்ணெய்கள். இரண்டின் மூலக்கூறிலும் கார்பன் அணுக்கள் பத்து. கொதிநிலையும் நெருக்கம்தான்: டெக்கேனுக்கு 174 டிகிரி செல்சியஸ், மற்றதற்கு 183. கார்பன் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இவற்றை ஒரே வரிசையில் வைத்துவிடுவார். உப்புநீரும் சர்ஃபாக்டன்ட்டும் உள்ள சோதனைக்குழாயில் ஊற்றினால் அந்த வரிசை குலைந்துபோகிறது. அங்கே பியூட்டைல் பென்சீன், டெக்கேனின் குடும்பமான ஆல்கேன்களில் நான்கு கார்பன் கொண்டதைப் போல நடந்துகொள்கிறது.

சோப்பு, டிடர்ஜென்ட் முதலிய சர்ஃபாக்டன்ட்களின் மூலக்கூறில் தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். எண்ணெயும் நீரும் சேர்ந்த கலவையில் அது எங்கே குடியேறும் என்பதை வின்சர் 1948இல் வகைப்படுத்தினார். கீழே உள்ள நீரோடு தங்கி, எண்ணெயை நுண்துளிகளாக உள்ளே இழுத்துக்கொள்வது முதல் வகை. மேலே எண்ணெய்க்குள் போய், நீரை அங்கே இழுத்துக்கொள்வது இரண்டாம் வகை. மூன்றாம் வகையில் நீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே தனி அடுக்கு ஒன்று உருவாகும். இரண்டும் அதில் ஏறக்குறைய சமமாகக் கலந்திருக்கும். தூய டெக்கேனுக்கும் நீருக்கும் இடைப்பட்ட இழுவிசை மீட்டருக்குச் சுமார் 50 மில்லிநியூட்டன். நடு அடுக்கு உருவாகும்போது அது ஆயிரத்தில் ஒரு மில்லிநியூட்டன் அளவுக்குச் சரிந்துவிடும். பாறைத் துளைகளில் சிக்கிய கச்சா எண்ணெயை வெளியேற்ற நினைப்பவர்கள் தேடுவது இந்த நிலையைத்தான்.

மின்னேற்றம் கொண்ட சர்ஃபாக்டன்ட் என்றால், உப்பைக் கூட்டக் கூட்ட முதல் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கும், பிறகு இரண்டாம் வகைக்கும் கலவை நகரும். எவ்வளவு உப்பில் நடு அடுக்கு வரும் என்பதை எண்ணெயின் அமைப்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

டெக்கேன் மூலக்கூறு நீண்ட, வளையக்கூடிய சங்கிலி. சர்ஃபாக்டன்ட்டின் வாலும் அப்படிப்பட்ட சங்கிலிதான். ஒத்த உருவம் என்பதால் இரண்டும் எளிதில் கலந்துவிடும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். நடப்பது வேறு. வால்களின் இடுக்கில் நுழைந்தால் நீண்ட சங்கிலி அவற்றோடு சேர்ந்து ஒரே திசையில் நீள வேண்டும். தன் இஷ்டத்துக்கு மடங்கும் சுதந்திரம் பறிபோகும். ஆகவே டெக்கேன் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. சங்கிலி நீள நீள இந்த விலகலும் கூடும்.

பியூட்டைல் பென்சீனின் வளையம் கச்சிதமானது, தட்டையானது. வால்களுக்கிடையே நுழைய அது இழப்பது குறைவு. வளையத்தின் பை எலக்ட்ரான்கள் நீரோடு மெலிதான ஈர்ப்பும் கொள்வதால், தலைகள் இருக்கும் பக்கம் வரை அது நெருங்கி வரக்கூடும். ஒரு லிட்டர் நீரில் டெக்கேன் ஒரு மில்லிகிராமில் சிறு பங்குகூடக் கரைவதில்லை; பியூட்டைல் பென்சீன் பத்து மில்லிகிராமுக்கு மேல் கரைகிறது. ஒப்பீட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. உள்ளே நுழைந்த எண்ணெய் வால்களின் பக்கத்தை உப்ப வைக்கிறது. சர்ஃபாக்டன்ட் படலம் நீரைச் சுற்றி வளையத் தொடங்குகிறது. டெக்கேனில் அந்த வளைவைக் கொண்டுவர உப்பு உழைக்க வேண்டும். பியூட்டைல் பென்சீனில் பாதி வேலையை எண்ணெயே முடித்துவிடுகிறது.

1970களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேடும் ஷெக்டரும் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள்: சமான ஆல்கேன் கார்பன் எண். ஆல்கைல் பென்சீன்களில் வளையத்தின் ஆறு கார்பன்களும் கணக்கில் பூஜ்யம்; பக்கச் சங்கிலி மட்டுமே சேரும். அதனால்தான் பியூட்டைல் பென்சீனின் எண் 4, டெக்கேனின் எண் 10. சர்ஃபாக்டன்ட் மாறினால் வளைய எண்ணெய்களின் மதிப்பும் சற்று மாறும், ஆனால் வரிசை மாறுவதில்லை. சலாஜே முதலியோர் 1979இல் தந்த சமன்பாட்டின்படி, மின்னேற்றம் கொண்ட சல்ஃபோனேட் வகைகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் நடு அடுக்குக்கு உகந்த உப்பளவின் இயல் மடக்கை சுமார் 0.16 உயரும். ஆறு எண் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 1. அதாவது டெக்கேனுக்குத் தேவைப்படும் உப்பு, மற்றதற்கு வேண்டியதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பத்துக் கார்பன் கொண்ட இரண்டு எண்ணெய்களுக்குள் இத்தனை பெரிய பிளவு!

மின்னேற்றமில்லாத எதாக்சிலேட் வகைகளில் உப்பின் வேலையை வெப்பம் செய்கிறது. ஆல்கேனில் ஒரு கார்பன் கூடினால் நடு அடுக்குக்கான வெப்பநிலை சுமார் இரண்டரை டிகிரி உயரும். இங்கும் டெக்கேனுக்கே கூடுதல் சூடு வேண்டும். நீரும் எண்ணெயும் ஒரே அடுக்காகக் கரைந்து நிற்கவும் அதற்குத்தான் அதிக சர்ஃபாக்டன்ட் பிடிக்கிறது.

கச்சா எண்ணெயில் சங்கிலிகளும் வளையங்களும் கலந்தே இருக்கும். சமான எண் பலவற்றில் 6 முதல் 9 வரை அமைகிறது. டெக்கேனை வைத்து உப்பளவைத் தீர்மானித்துவிட்டு, வளையங்கள் மிகுந்த எண்ணெய்க் கிணற்றில் அதே கரைசலைச் செலுத்தினால் கலவை நடு நிலையைத் தாண்டி இரண்டாம் வகைக்குப் போய்விடும். சர்ஃபாக்டன்ட் எண்ணெய்க்குள் ஒதுங்கி, பாறைக்குள்ளேயே தங்கிவிடும். பின்னால் வரும் நீர் அதை முன்னே கொண்டுசெல்லாது.