பூனைக்குட்டியின் பல்லும் குன்னூர் ரயிலும்



ஆம்பூரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "சார், வீட்டுக்குப் புதுசா ஒரு பூனைக்குட்டி வந்திருக்கு. நல்லா விளையாடுது. ஆனா கையைக் கண்டாலே கடிக்குது. பையன் விரல்ல ரத்தம் வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, பதினாலு ஊசி போடுவாங்கன்னு அழறான். என்ன செய்யறது?"

உடனே செய்ய வேண்டியதை அப்போதே ஃபோனில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பையன் பயப்படும் பதினாலு ஊசி அவன் பிறப்பதற்கு முன்பே வழக்கொழிந்து போனது. ஊசி போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. அந்தப் பயத்தால் கடியை மறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் குட்டி ஏன் கடிக்கிறது என்று பார்ப்போம்.

ஆடு, மாடுகளை மனிதன் தன் தேவைக்காகப் பிடித்துப் பழக்கினான். பூனை கதை வேறு. மேற்காசியாவில் மக்கள் உழவு செய்து தானியம் சேர்க்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. தொல்லை இல்லையே, நன்மைதானே என்று மனிதனும் விட்டுவிட்டான். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதரின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தத் தீவுக்குப் பூனை தானாக வந்திருக்க முடியாது. யாரோ படகில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், சிந்துவெளியின் சான்ஹுதாரோவில் ஒரு செங்கல் கிடைத்தது. ஈரம் காயும் முன் அதன்மேல் ஒரு பூனை ஓடியிருக்கிறது, ஒரு நாயும் ஓடியிருக்கிறது. இரண்டின் கால் தடமும் அப்படியே நின்றுவிட்டன. தமிழில் தொல்காப்பியத்தின் மரபியல், இளம் உயிர்களின் பெயர்களைச் சொல்லும் இடத்தில், கீரி, எலி, அணிலோடு வெருகையும் சேர்த்து, இவற்றின் இளமைக்குக் 'குட்டி' என்ற பெயர் உரியது என்கிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை. நாம் இன்றும் பூனைக்குட்டி என்றுதான் சொல்கிறோம். நம் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் பூனைக்கு எப்போதும் ஒரு தனி இடம் உண்டு. நபிகள் நாயகத்தின் தோழர் அபூஹுரைரா அவர்களின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள்.

ஆக, எலி பிடிப்பதற்காகவே நம்மோடு தங்கிய உயிர் இது. எலி பிடிக்க என்னென்ன வேண்டும்? பதுங்க வேண்டும், பாய வேண்டும், முன்னங்காலால் அணைத்துப் பின்னங்காலால் உதைக்க வேண்டும், கடிக்க வேண்டும். குட்டி நம் கையில் செய்வதெல்லாம் இதே பாடம்தான். படிக்கிற பிள்ளை சிலேட்டில் கிறுக்குவது போல அது நம் விரலில் எழுதிப் பழகுகிறது.

எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற கணக்கைக் கற்றுக்கொடுப்பது தாயும் கூடப்பிறந்த குட்டிகளும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், திருப்பிக் கடிக்கும், விளையாட்டை விட்டுப் போய்விடும். நாமோ கண் திறந்த கொஞ்ச நாளிலேயே ஒற்றைக் குட்டியாகத் தூக்கி வந்துவிடுகிறோம். குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் தாயோடு விட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். பிறகு மூன்றரை மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் 26 பால் பற்கள் விழுந்து 30 நிலைப் பற்கள் முளைக்கும். அந்த நாட்களில் ஈறு நமநமவென்று இருப்பதால் இன்னும் கடிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. கையையும் காலையும் விளையாட்டுப் பொருளாகக் காட்டாதீர்கள். ஒரு குச்சியில் துணியைக் கட்டி ஆட்டுங்கள், பந்தை உருட்டுங்கள்.

2. கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் குணம். அசையாமல் நிறுத்தி, அது விட்டதும் எழுந்து போய்விடுங்கள். 'கடித்தால் விளையாட்டு முடிந்தது' என்று அதற்குப் புரிய வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அப்பா கடிக்கவிட்டு அம்மா அதட்டினால் எந்தக் குட்டியும் கற்றுக்கொள்ளாது.

3. அடிக்காதீர்கள். அடி வாங்கிய குட்டி விளையாட்டாகக் கடிப்பதை விட்டுப் பயந்து கடிக்கத் தொடங்கும். அது இன்னும் ஆழமாக இறங்கும்.

4. தினமும் இரண்டு மூன்று முறை நன்றாக ஓடவிட்டு, பிறகு சாப்பாடு போடுங்கள். வயிறு நிறைந்தால் தூங்கிவிடும்.

5. நம் பகுதிக்கென்று ஒன்று சொல்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைக்கும் பெண்கள் இங்கே நிறைய. ஊசி, நூல், ஷூ லேஸ் எதையும் குட்டிக்கு எட்டும்படி வைக்காதீர்கள். பூனை நூலை விழுங்கினால் குடல் சுருண்டு உயிருக்கே ஆபத்து. சாயம் ஏற்றிய தோல் துண்டையும் கடிக்கக் கொடுக்க வேண்டாம்.

சரி, இதையெல்லாம் மீறிப் பல் பட்டுவிட்டது. அடுத்து என்ன? இங்கேதான் நம் தோல் தொழிலோடு தொடர்புள்ள ஒரு மனிதர் வருகிறார்.

லூயி பாஸ்டர் 1822-இல் பிரான்சில் பிறந்தவர். அவருடைய அப்பா ஒரு தோல் பதனிடும் தொழிலாளி. ஆர்புவா என்ற சிற்றூரில் ஆற்றங்கரையில் வீடும் தோல் பட்டறையும் ஒன்றாக இருந்தன. பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியையும் அந்த வாடையையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1831-இல் அந்தப் பக்கத்தில் ஒரு வெறி பிடித்த ஓநாய் பலரைக் கடித்தது. கடிபட்டவரைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணில் சூடு போட்டார்கள். அதைப் பார்த்த சிறுவர்களில் லூயியும் ஒருவன். நம் ஊர்களிலும் கடிவாயில் சூடு போடுவது, மிளகாய்ப் பொடி அப்புவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் இருந்தன. சில வீடுகளில் இன்றும் இருக்கின்றன. எதுவும் பலன் தராது, புண்ணைத்தான் கெடுக்கும்.

அந்தத் தோல் தொழிலாளியின் மகன்தான் 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசஃப் மைஸ்டருக்கு முதல் தடுப்பூசியைப் போட ஏற்பாடு செய்தார். சிறுவன் பிழைத்தான். பெரியவனானதும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்.

மருந்து கண்டுபிடித்தாயிற்று, ஆனால் இந்தியாவில் இல்லை. கடிபட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1900-இல் சிம்லா மலைப்பக்கம் கசௌலியில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநோயால் இறந்தார். தெற்கிலும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது.

நம் ஊர்க்காரர் அங்கே எப்படிப் போயிருப்பார் என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள். ஆம்பூரில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாகப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாற வேண்டும். அந்த மலைப்பாதை 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்டது. போனவுடன் திரும்பவும் முடியாது. தினம் ஒரு ஊசி என்பதால் அங்கேயே தங்க வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் பட்டினி!

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் தடுப்பூசியின் செய்முறையை மாற்றினார். விலங்கின் மூளையில் வளர்த்த கிருமியை ஃபீனால் கொண்டு செயலிழக்கச் செய்தார். இந்த மருந்தை வெளியூர் மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்ததால், கடிபட்டவர் மலையேறும் அவசியம் குறைந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்னது இதைத்தான். வலி அதிகம். அரிதாகச் சிலருக்கு நரம்பு பாதித்துக் கை கால் விழுந்ததும் உண்டு. என்றாலும் பல தலைமுறைகளுக்கு உயிர் காத்தது அந்த மருந்துதான். அதைவிடப் பாதுகாப்பான, செல் வளர்ப்பு முறையில் செய்த தடுப்பூசி வந்துவிட்டதால், 2004-ஆம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு நின்றது. 2006 முதல் தோலுக்குள் சிறிதளவே போடும் முறைக்கும் அனுமதி கிடைத்தது.

இன்றைய நிலை இதுதான். ஊசி கையில், நான்கே வருகை: கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். தசையில் போடும் முறை என்றால் ஐந்து வருகை.

கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ, முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ரேபீஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு அன்றைக்கே மருத்துவமனை. குட்டியைப் பத்து நாள் கவனிக்கலாம், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும், டெட்டனஸ் ஊசியும் வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார். நம் நாட்டில் ரேபீஸ் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது. அதற்காகப் பூனையால் வராது என்று இல்லை. நோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

ரேபீஸ் இல்லாவிட்டாலும் பூனைக்கடி சாதாரணமில்லை. ஊசி போன்ற பல் ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். ஒரு நாளுக்குள் வீங்கிச் சிவந்தால் பெரும்பாலும் பூனையின் வாயில் வாழும் ஒரு பாக்டீரியாதான் காரணம். அதன் பெயர் பாஸ்டுரெல்லா. ஆமாம், நம் பாஸ்டரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரேபீஸ் தடுப்பூசி போடுங்கள். பிறகு வருடாவருடம் தொடருங்கள்.

ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் என்று எனக்குத் தெரியும். அம்மா கஷ்டப்படுவாள் என்று பிள்ளை கடியை மறைக்கும். ஊசிக்குப் பயந்தும் மறைக்கும். 'கடித்ததா, சொல்லு, திட்ட மாட்டேன்' என்று இன்றைக்கே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். குன்னூர் வரை ரயில் ஏறிப் போன காலம் முடிந்துவிட்டது. இப்போது பக்கத்து அரசு மருத்துவமனை வரை போனால் போதும்.

குட்டியை அடிக்காதீர்கள், கடியை மறைக்காதீர்கள். வீட்டில் பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.