பின்னால் உட்கார்ந்தவர்களின் புகை

போடிநாயக்கனூரில் சைலன்சர் வேலை பார்ப்பவனிடம் ஒரு ஜீப்பின் வயதைக் கேட்டால் ஆர்.சி. புத்தகத்தைத் திறக்க மாட்டான், வண்டிக்கு அடியில் படுப்பான். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கமிருந்து என் பட்டறைக்கு இறங்கி வரும் பழைய வண்டிகளில் ஆர்.சி. ஒரு வருஷம் சொல்லும், பானெட் ஒரு வருஷம் சொல்லும், இன்ஜின் வேறொன்று சொல்லும். எல்லா வருஷமும் ஒட்டுப்போட்டு நிற்பது புகைக்குழாயில்தான்.

ஜீப்பின் முதல் வடிவம் போருக்காகச் செய்தது. 1941இல் அமெரிக்காவில் வந்த வில்லிஸ் எம்.பி.யில் 134 கன அங்குல இன்ஜின், 60 குதிரைத்திறன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிபோல்டு இடப்பக்கம். அங்கிருந்து இறங்கும் குழாய் வண்டிக்குக் குறுக்கே வலப்பக்கம் தாண்டி, சைலன்சர் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வலப்புறமாக வாய் திறக்கும். அமெரிக்காவில் வண்டிகள் ரோட்டின் வலப்புறம் ஓடுகின்றன. ஆகவே அந்தப் புகை அங்கே ஓரத்தில் நடப்பவன் மேல் போகும். நாம் இடப்புறம் ஓட்டுவதால் அதே வாய் நடுரோட்டைப் பார்க்கிறது. 1989இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112ஆம் விதி, மோட்டார் சைக்கிள் தவிர மற்ற வண்டிகளின் புகை கீழ்நோக்கியும் போகக்கூடாது, இடப்பக்கமும் போகக்கூடாது என்கிறது. யாரோ எந்த நாட்டுக்கோ வரைந்த குழாய் நம் சட்டத்துக்குத் தானாகப் பொருந்திவிட்டது. இந்தத் தொழிலில் நான் பார்த்த நல்ல தற்செயல் இது ஒன்றுதான்.

ஜீப்புக்கு முன்னால் இந்த மலையில் ஏறி இறங்கியவை காளையும் கழுதையும் தலைச்சுமையும். மூணாறு தேயிலை மட்டும் குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கியது. ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. ஏலத்தோட்டம் அந்தப் பக்கம், வேலைக்குப் போகும் ஆட்கள் இந்தப் பக்கம். இருட்டு விலகும் முன் போடி, தேவாரம், கம்பம், கூடலூரிலிருந்து தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் ஏறுவதும், சாயங்காலம் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இறங்குவதும் இன்றும் நடக்கிறது. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாலக்காட்டுப் பக்கமும் கதை இதுதான். நெம்மாராவிலிருந்து நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளுக்குள் போகிற பாதைகளை உருவாக்கியது காண்டிராக்டர் பாதி, ஜீப் டயர் பாதி.

இந்த மலையின் உண்மையான வண்டி என்று நான் சொல்வது சி.ஜே.-3பி. இரும்பு வியாபாரத்துக்கென்று 1945இல் தொடங்கிய மகிந்திரா அண்டு முகமது, 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் உரிமத்தில் ஜீப் பூட்டியவர்கள் அவர்கள். 3பி அமெரிக்காவில் 1953இல் வந்தது. பானெட் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் உள்ளேயுள்ள இன்ஜின். காற்று வரும் வால்வைத் தலைக்கு ஏற்றிவிட்டு, புகை போகும் வால்வைப் பழையபடி பிளாக்கிலேயே விட்டார்கள். அதனால் தலை மாறியும் குழாய் மாறவில்லை. எம்.பி.க்குப் பழகிய கை 3பி.க்கும் குழாய் போட்டுவிடும்.

என் மேஸ்திரி அப்படிப் பழகியவர். அவர் முதலில் சைலன்சர்காரர் இல்லை, ஏலக்காய் ஸ்டோர்களுக்குத் தகரக் குழாய் போட்டவர். பச்சைக் காயை உலர்த்தும் அந்த அறையில், வெளியே விறகு எரியும், சூடும் புகையும் அறைக்குள் தரையோடு ஓடும் குழாய் வழியாகச் சுற்றிக் கூரைக்கு மேல் போகும். ஒரு மூட்டில் புகை கசிந்தால் அறையிலுள்ள காய் முழுக்க வாசனை கெட்டு ஏலத்தில் விலை விழும். அந்தப் பயத்திலேயே வளர்ந்த கை அது. ஜீப் குழாயை வளைக்க அவரிடம் மிஷின் கிடையாது. குழாயின் ஒரு முனையில் மரக்கட்டை அடித்து, ஆற்று மணலை வாணலியில் வறுத்து, சூடு ஆறுமுன் உள்ளே கொட்டித் தட்டித் தட்டி இறுக்குவார். மறு முனையையும் அடைத்துவிட்டு, வளைய வேண்டிய இடத்தை மட்டும் உலையில் செம்பழுப்பாகக் காய்ச்சி, மெதுவாக இழுப்பார். மணல் உள்ளே நிற்பதால் குழாய் நசுங்காது. மணலில் ஈரம் இருந்தால் ஆவி கட்டைகளைத் துப்பாக்கிக் குண்டாகத் தள்ளும், அதனால் வறுக்காத மணலைத் தொட்டால் அடிதான். நசுங்கின வளைவுக்குள் புகை திணறும், இன்ஜின் சுடும், ஏற்றத்தில் இழுக்காது. பெரிய குழாய் போட்டால் இழுவை கூடும் என்று இன்றைக்குப் பையன்கள் சொல்வதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நானும்தான். 3பி.யின் பெட்ரோல் இன்ஜினுக்கு இழுவை பலம் 2,000 சுற்றுப் பக்கம். அங்கே புகை வேகமாக ஓட வேண்டும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் ஓட்டம் தளர்ந்து, அடிச்சுற்றின் இழுவைதான் முதலில் போகும். 3பி.க்கு ஒன்றே முக்கால் அங்குலம் போதும் என்பது என் பட்டறைக் கணக்கு.

1973இல் கச்சா எண்ணெய் விலை ஏறியபின் பெட்ரோல் ஜீப்புக்காரர்கள் டீசலுக்குத் தாவினார்கள். முதலில் இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சத்து டீசல், 1980களில் 2,112 சி.சி. பெஜோ டீசல். இன்ஜின் மாறியதும் மேனிபோல்டின் வாய் இடம் மாறியது. பழைய குழாய் பொருந்தாது. வெட்டி, காயலான் கடையில் கிடைத்த வளைவை ஒட்டி, டயர் ரப்பரில் தொங்கல் போட்டு அனுப்பினார்கள். அந்தக் காலத்து டீசலில் கந்தகம் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருந்தது. எரியும்போது உண்டாகும் நீராவி, குளிர்ந்த சைலன்சருக்குள் தண்ணீராகி, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகும். காலையில் ஏறி, பகலெல்லாம் மழையில் நின்று, மாலையில் இறங்கும் வண்டியில் அந்த ஈரம் காய நேரமே இல்லை. தகரம் உள்ளிருந்து ஓட்டையாகும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 டீசல் வந்தபின் கந்தகம் பத்து லட்சத்துக்குப் 10 பங்கு. சைலன்சர்கள் கூடுதல் காலம் தாங்குகின்றன, எனக்கு வேலை குறைந்தது.

ஒட்டுப்போட்டவர்கள் குழாயின் வாயை வசதிக்காகப் பின்னால் கொண்டுபோய் விட்டதுதான் பெரிய அநியாயம். பின்பக்கம் திறந்த, தார்ப்பாய் மூடிய வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். வெளியே போன புகை திரும்பி உள்ளே உறிஞ்சப்படும். மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, பம்ப் தள்ளும் டீசல் மட்டும் குறையாது, ஆகவே ஏற ஏறக் கரும்புகை. டிரைவருக்கு முன் கண்ணாடி, பக்கவாட்டுக் காற்று. பின்னால் எதிரெதிரே முட்டி இடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு முந்தானைதான். தலைவலியும் வாந்தியும் வந்தால் வளைவுகளின் மேல் பழி போடுவார்கள். வளைவுக்கும் பங்கு உண்டு, ஆனால் குழாயின் வாயை எவரும் குனிந்து பார்த்ததில்லை. முதலாளி விலை கேட்பார், டிரைவர் சத்தம் கேட்பார். புகை குடிப்பவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் ராஜகுமாரியிலிருந்து ஒரு பையன் தாத்தாவின் பெட்ரோல் 3பி.யைப் புதுப்பிக்க வந்தான். செல்போனில் ஓர் அமெரிக்க வண்டியின் சத்தத்தைப் போட்டுக் காட்டி, "அண்ணே, இதே மாதிரி முழங்கணும்" என்றான். வண்டி 1964 போன்டியாக் ஜி.டி.ஓ., 389 கன அங்குலம், எட்டு சிலிண்டர்.

"தம்பி, அது குழாயோட சத்தம் இல்ல, கிராங்கோட சத்தம்" என்றேன். அந்த எட்டில் பக்கத்துக்கு நான்கு. ஒரு பக்கத்து நான்கும் சம இடைவெளியில் வெடிக்காது, அந்தத் தாளக்கோணல்தான் அவன் கேட்ட குமுறல். நம் நான்கு சிலிண்டர் அரைச்சுற்றுக்கு ஒருமுறை ஒழுங்காக வெடிக்கும். எந்தக் குழாய் மாட்டினாலும் அந்தக் குமுறல் வராது, வெறும் இரைச்சல்தான் கூடும்.

அப்படியானால் கண்ணாடிப் பஞ்சு அடைத்த நேர்க்குழாய் சைலன்சர் போடலாமா என்றான். பஞ்சு சில மழைக்காலங்களில் ஈரமாகி, கரிந்து, வெளியே பறந்துவிடும். பிறகு அது வெறும் உருளை. தவிர, 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில்தான், தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செக்போஸ்டில் நிற்கப்போவது அவன். சின்னக்கானல் பக்கம் ராத்திரி ஓட்டுகிறவன் யானைக்குத் தன் வருகையை முழங்கி அறிவிப்பது நல்லதா என்பதில் டிரைவர்களுக்குள் இரண்டு கட்சி. நான் அமைதிக் கட்சி.

கடைசியில் 16 கேஜ் மைல்டு ஸ்டீல் குழாய், உள்ளே சல்லடைக் குழாயும் தடுப்புத் தகடும் உள்ள சைலன்சர், பழைய வழியிலேயே குறுக்கே தாண்டி வலப்பக்கம் வாய். ஸ்டெயின்லஸ் கேட்டான். 304 துருப்பிடிக்காது, ஆனால் சூட்டில் அதிகம் நீளும். இந்த ரோட்டில் ஆடும் வண்டியில் இறுக்கிப் பிடித்தால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும், மலை மேல் ஆர்கான் வெல்டிங்குக்கு எங்கே போவான்? துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தண்ணிக்குழாய் மலிவென்று அவனுடைய மாமா சொன்னதையும் மறுத்தேன். துத்தநாகப் புகை வெல்டிங் செய்கிறவனுக்குக் காய்ச்சல் கொடுக்கும், அது நான்தான். பெட்ரோல் லைனிலிருந்து குழாய் 35 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பதும் விதி. நான் இரண்டு விரல் கூடுதலாகவே விட்டேன்.

வண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் தையல் மிஷின் மாதிரி இருக்கிறதென்று அலுத்துக்கொண்டான். பின்சீட்டில் அவனுடைய பாட்டி ஏறி உட்கார்ந்தார், ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். போடிமெட்டு வரை போய்த் திரும்பியதும், வாந்தி வந்ததா பாட்டி என்று கேட்டேன். "வரலப்பா, பசிக்குது" என்றார். மேனிபோல்டு பேக்கிங் உட்கார்ந்தபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். வரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.