வாணிகச் சொற்களின் வரலாறு

ஆங்கிலச் செய்தித்தாளை நாள்தோறும் படிக்கும் மாணவர்கள்கூட அதன் வாணிகப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வந்திருக்கிறேன். அரசியல் செய்தி அவர்களுக்கு விளங்குகிறது. விளையாட்டுச் செய்தி இனிக்கிறது. வாணிகப் பக்கமோ அயல்மொழிக்குள் மற்றோர் அயல்மொழியாய் நிற்கிறது. அகராதியைத் துணைக்கொண்டு நூறு சொற்களை நெட்டுருச் செய்வோரும் உளர். தேர்வு முடிந்த மறுவாரமே அவை மறந்து போகின்றன. சொற்களைக் கற்றார்களேயன்றி, அச்சொற்கள் பிறந்த பொருள்களை அவர்கள் காணவில்லை என்பதே இதற்குக் காரணம்.

இச்சொற்களுட் பல, கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடிய பொருள்களின் பெயர்களாகவே தொடங்கின. அவற்றுட் பெரும்பாலானவற்றின் பின்னே இருவர் நிற்கின்றனர்: கொடுத்தவர் ஒருவர், திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் ஒருவர். அவ்விருவரையும் அடையாளம் கண்டுகொண்டவருக்கு வாணிகச் செய்தி எளிதாகும். அடையாளம் காணாதவர் கைப்பொருளை இழந்த வரலாறும் உண்டு.

'பாங்க்' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். இத்தாலிய மொழியில் 'பாங்கா' என்றால் விசுப்பலகை. இடைக்காலத்து இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுவோர் சந்தையிலே பலகையிட்டு அமர்ந்து தொழில் நடத்தினர். அவர்களுட் சிலர் வடஇத்தாலியின் லம்பார்டிப் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்து குடியேறினர். அவர்கள் வாழ்ந்த தெரு லம்பார்டு தெரு எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் ஆங்கில வங்கிகள் நெருங்கி நின்றதும் அத்தெருவிலேதான். 'பாங்க்ரப்ட்' என்பதன் மூலப்பொருள் உடைந்த பலகை. கடனைத் தீர்க்க இயலாதவனுக்குச் சந்தையில் பலகை ஏது? நம் ஊர் வழக்கில் அவனை 'நொடித்துப் போனான்' என்போம். 'மஞ்சட் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்றும் சொல்லுவோம்.

அடுத்து, கருவூலத்தைக் குறிக்கும் 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லைக் காண்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னரின் வரிக்கணக்கைத் தணிக்கை செய்ய, 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசையின்மீது கட்டமிட்ட துணியை விரித்தனர். கட்டங்களில் காய்களை வைத்தும் நகர்த்தியும் கூட்டல் கழித்தல் செய்தனர். அது சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது.

அங்கே பணம் செலுத்தியவருக்குக் கிடைத்த பற்றுச்சீட்டு எழுதிய ஏடன்று. 'டேலி' எனப்படும் மரக்கழி. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலமும், நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலமும், இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அகலமும், ஒரு பவுனுக்கு வாற்கோதுமை மணியின் பருமனும் உள்ள வெட்டுகளை அக்கழியில் இட்டனர். பின்னர் அதனை நீளவாக்கிற் பிளந்தனர். நீண்ட பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். அடிமரம் என்பது அச்சொல்லின் பொருள். அது பணம் கொடுத்தவரிடம் இருந்தது. 'ஃபாயில்' என்ற குறும்பாதி பெற்றவரிடம் இருந்தது. இரு பாதிகளையும் சேர்த்துப் பார்க்கையில் வெட்டுகள் பொருந்த வேண்டும். எழுத்தறியாதவனும் சரிபார்க்கக்கூடிய கணக்கு அது! இன்று செக்குப் புத்தகத்தில் எஞ்சும் அடித்துண்டைக் 'கவுண்டர்ஃபாயில்' என்கிறோமே, அந்தப் பெயரில் இக்கழியின் நினைவு இருக்கிறது. 1826இல் இம்முறை ஒழிந்தது. குவிந்து கிடந்த பழங்கழிகளை 1834 அக்டோபர் 16ஆம் நாள் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்புகளில் இட்டு எரித்தனர். தீ அளவு மீறிப் பரவிப் பார்லிமெண்டு மாளிகையின் பெரும்பகுதியையே சாம்பலாக்கிவிட்டது.

'பட்ஜெட்' என்பது சிறு தோற்பையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1733இல் வால்போல் என்ற அமைச்சரின் வரித்திட்டத்தை எள்ளி நகையாடிய ஒரு துண்டுநூல், பை திறக்கப்பட்டது என்னும் பொருள்படத் தலைப்பிட்டுக்கொண்டது. ஏளனமாய் வழங்கிய சொல் காலப்போக்கில் அரசாங்கச் சொல்லாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று அளித்தவர் கோவை தந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். நிதியமைச்சர்கள் தோற்பெட்டியுடன் வரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 2019இல் அதற்கு மாறாகச் சிவப்புத் துணியிற் பொதிந்த ஏடு வந்தது. பை போயிற்று, பையின் பெயர் நிலைத்துவிட்டது.

இனி, பங்குச் சந்தையில் உலவும் கரடியும் காளையும். கரடியைப் பிடிப்பதற்கு முன்னே அதன் தோலை விற்காதே என்பது ஐரோப்பியப் பழமொழி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் காப்பிக்கடைகளில் பங்கு வியாபாரம் நடந்தபோது, தம்மிடம் இல்லாத பங்குகளை முன்னதாகவே விற்றவர்களுக்குக் 'கரடி' என்ற பெயர் அமைந்தது. 100 பவுனுக்கு விற்பதாக ஒப்புக்கொள்வான். ஒப்படைக்கும் நாளில் விலை 80 ஆக இறங்கினால் அப்போது வாங்கிக் கொடுத்து, 20 பவுனை ஆதாயமாகப் பெறுவான். ஆகவே அவன் விலை வீழ்ச்சியை விரும்புபவன். விலையேற்றத்தை நம்பி வாங்குபவன் காளை. 1720இல் தென்கடற் கம்பெனியின் பங்கு, ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுனாக இருந்தது, கோடையில் ஆயிரத்தை எட்டி, ஆண்டு முடிவதற்குள் 200க்கும் கீழே சரிந்தது. வான்கோள்களின் இயக்கத்தைக் கணித்த ஐசக் நியூட்டனும் அதிற் பெரும்பொருள் இழந்தார். 'பபுள்', அதாவது நீர்க்குமிழி, என்ற சொல் அன்றுமுதல் அச்சமூட்டும் வாணிகச் சொல்லாக நிலைபெற்றது.

இச்சொற்கூட்டத்தில் நம் தமிழுக்கும் ஒரு சிறு பங்குண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல், பணப்பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதே ஒலியுடைய மற்றொரு 'கேஷ்' உண்டு. அது நம் 'காசு', போர்த்துக்கீசியர் நாவின் வழியே ஆங்கிலேயரை அடைந்த வடிவம். 1818க்கு முன், சென்னைக் கும்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன்.

அதே சென்னையில்தான், ஒரு சொல்லின் பொருளை அறியாமையால் விளைந்த துயரமும் நிகழ்ந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. பேர்பெற்ற அந்நிறுவனத்தை நம்பி உத்தியோகஸ்தரும் ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் தம் சேமிப்பை அதில் 'டெபாசிட்' செய்திருந்தனர். இலத்தீன் மூலத்தில் அச்சொல்லுக்குக் கீழே வைத்தல் என்று பொருள். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1848இலேயே, ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில், பிரபுக்கள் சபை தெளிவாகத் தீர்ப்பளித்திருந்தது: வங்கியிற் போட்ட பணம் வங்கிக்கே உரியது, போட்டவர் கடன் கொடுத்தவர், வங்கி கடன்பட்டது. எனவேதான் நம் வைப்புத்தொகை, வங்கியின் ஐந்தொகையில் 'அசெட்' என்ற சொத்துப் பகுதியில் இல்லாமல், 'லயபிலிட்டி' என்ற கடன்பொறுப்புப் பகுதியில் நிற்கிறது. தாம் கடன் கொடுத்திருக்கிறோம் என்று உணர்ந்தவர், கடனாளியின் நிலையை விசாரிக்கத் தவறமாட்டார். பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்று எண்ணியவர் ஏன் விசாரிக்கப் போகிறார்?

அந்நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது; இழந்தவர்களின் துயரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. அந்த வீழ்ச்சியின் படிப்பினையாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. சிறு வைப்பாளரைக் காக்கும் காப்புறுதித் திட்டம் 1962இல்தான் நம் நாட்டில் வந்தது. அதன் வரம்பு 2020இல் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மாணவர்களே! வாணிகப் பக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. நாளொன்றுக்கு ஒரு சொல் போதும். ஒரு குறிப்பேட்டில் அதனை எழுதி, எப்பொருளிலிருந்து பிறந்தது என்று கேளுங்கள். பின்னர், கொடுத்தவர் யார், கொடுக்க வேண்டியவர் யார், நட்டம் வந்தால் யார் தலையில் விழும் என்று கேளுங்கள். விடை கிடைத்த சொல் மறக்காது. விடை கிடைக்காத சொல் எந்தப் பத்திரத்திலேனும் காணப்பட்டால், அது விளங்கும்வரை அதன்கீழே கையெழுத்திடாதீர்கள்.