ஆய்ந்த கீரையும் அரிந்த காயும்

கீரையைத் தூய்மை செய்வதைத் தமிழில் ‘ஆய்தல்’ என்கிறோம். ‘ஆய்வு’ என்னும் சொல்லும் அவ்வினையடியில் பிறந்ததே. மராத்தியில் அவ்வேலை ‘நிவட்ணே’. தேர்தலைக் குறிக்கும் ‘நிவட்ணூக்’ அதிலிருந்து வந்தது. நல்லதைத் தேர்ந்து அல்லதை விலக்கும் அறிவுச் செயலாகவே இரு மொழிகளும் இதைக் கண்டுள்ளன. அரிந்து விற்கப்படும் காய்கறியின் வரலாற்றை, இவ்வாய்தல் கைமாறிய வரலாறாகவே நான் வாசிக்கிறேன்.

புணேயில் சனிவார் வாடாவின் முன் திறந்தவெளியில் நடந்த காய்கறிச் சந்தை, 1886இல் ரே மார்க்கெட் கட்டடத்துக்குப் பெயர்ந்தது. (நகராட்சி உறுப்பினராக இருந்தபோது இச்செலவை எதிர்த்து, பணத்தைக் கல்விக்குச் செலவிடச் சொன்னவர் ஜோதிராவ் ஃபுலே. இன்று அக்கட்டடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது!) கூரை வந்த பின்னும் ஆய்தல் வாங்குவோரிடமே இருந்தது. முழுக்காயில் புழுத்துளையும் வாடிய காம்பும் கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படும். எஞ்சியதை அடுப்பு பார்த்துக்கொண்டது.

கத்தி பட்டதும் இந்த ஏற்பாடு குலைகிறது. தோல் என்னும் காப்பு நீங்கி, கசியும் சாறு நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. பச்சையாக உண்பதற்கென்றே அரிந்த காய்க்கு அடுப்பின் துணையும் இல்லை. தீங்கு கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஆகவே கண்ணின் இடத்துக்கு வெப்பமானி வந்தது.

புணேக்கு அருகில் தளேகாவில் இம்மாற்றத்தைக் காணலாம். 1996இல் இந்தியாவில் கடை திறந்த மெக்டொனால்ட்ஸுக்கு ஐஸ்பெர்க் லெட்டூஸ் வழங்கியது அங்குள்ள திரிகாயா பண்ணை. குளிர்காலத்தில் மட்டும் விளைந்த அக்கீரை ஆண்டு முழுவதும் விளையலாயிற்று. அறுவடையான அரைமணி நேரத்துக்குள் முன்குளிரூட்டும் அறை, பின்னர் 1 முதல் 4 பாகை செல்சியஸில் குளிர்வண்டிப் பயணம் என்பது அந்நிறுவனங்கள் விவரித்த முறை. முழு இலைக்கே இத்தனை கவனம் என்றால், அரிந்த இலைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

குளிரும் முழுக் காவலன்று. அது கிருமியைக் கொல்வதில்லை, வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் பெருகும். குளோரின் நீரில் அலசுவதன் முதன்மைப் பயன், கழுவும் நீர்வழியே ஓர் இலையின் கிருமி மற்றவற்றுக்குப் பரவாமல் தடுப்பதே. 2006இல் அமெரிக்காவில் கழுவிப் பையிலிட்ட பசலைக்கீரையில் இருந்த ஈ. கோலை கிருமியால் சுமார் 200 பேர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். அந்தப் பைகளைத் திறந்தவர்கள், தமக்காக வேறொருவர் ஏற்கெனவே ஆய்ந்துவிட்டார் என்று நம்பியவர்கள்.

புணேச் சந்தைகளில் உரித்த பட்டாணியும் நறுக்கிய காயும் நெகிழிப்பைகளில் கிடைக்கின்றன. குழம்புக்குப் போனால் அடுப்பு இன்னும் காக்கும். பச்சையாகத் தட்டுக்கு வருவதற்கு நான் கேட்பது இரண்டே விவரம்: எப்போது அரிந்தது, அதுமுதல் எந்தக் குளிரில் இருந்தது. பெரும்பாலான பைகளில் இரண்டும் எழுதப்பட்டிருப்பதில்லை.